பையன் அனிமே பார்க்கிறான், எனக்குத் தலைகால் புரியவில்லை: எங்கே தொடங்குவது?

வாசல்கோலம்

வணக்கம். இந்தப் பகுதிக்கு நான் புதிது. இத்தனை நாள் சமையல் பகுதியில்தான் குடியிருந்தேன்.

என் மகனுக்கு 14 வயது. இரவு சாப்பிடக் கூப்பிட்டால், "இரும்மா, எண்டிங் பாட்டு முடியட்டும்" என்கிறான். எட்டிப் பார்த்தால் பெரிய கண்களோடு ஒரு பையன் மழையில் நின்று அழுதுகொண்டிருக்கிறான். "கார்ட்டூன்ல கூடவா இவ்வளவு அழுகை?" என்று கேட்டுவிட்டேன். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. கார்ட்டூன் என்று சொன்னதுதான் குற்றமாம். அது அனிமேயாம், ஜப்பானிய அசைபடம்.

சரி, நாமும் பார்த்துத்தான் வைப்போமே என்று தேடினேன். ஷோனென், ஷோஜோ, செய்னென், மெகா, இசேகாய்... ரயில் நிலைய அறிவிப்பு போல ஓடுகிறது. எனக்குத் தெரிந்த ஜப்பான் டோரேமானும் ஷின்சானும்தான். அதுவும் அவர்கள் தமிழில் பேசியதால்.

இந்த வகைகளெல்லாம் என்ன? 41 வயதில் முதன்முதலாகப் பார்ப்பவள் எதை எடுக்கலாம்? அடிதடி அதிகம் வேண்டாம். ஆயிரம் எபிசோட் என்னால் ஆகாது, வங்கி வேலை.

கடைசி பெஞ்ச்

வாங்க அக்கா! ரொம்ப சுலபம். ஷோனென் என்றால் சண்டை. ஷோஜோ என்றால் காதல். செய்னென் என்றால் ரத்தம். ஜோசெய் என்றால் வேலைக்குப் போகிறவர்கள் காதல். மெகா என்றால் ரோபோ. இசேகாய் என்றால் ஹீரோ லாரியில் அடிபட்டுச் செத்து வேறு உலகத்தில் பிறப்பான். முடிந்தது பாடம்.

முதலில் ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்: பிரதர்ஹுட் பாருங்கள். 64 எபிசோட்தான், இழுவை கிடையாது, கதை முழுதாக முடியும். கண்ணை மூடிக்கொண்டு தொடங்கலாம்.

எட்டுப் படம்

தம்பி, நீ சொன்னதில் ரோபோவும் லாரியும் மட்டும் சரி.

வாசல்கோலம் அவர்களுக்கு: ஷோனென், ஷோஜோ, செய்னென், ஜோசெய் நான்கும் கதையின் வகைகளே அல்ல. அவை பத்திரிகையின் வாசகர்கள். ஷோனென் என்றால் பையன், ஷோஜோ என்றால் சிறுமி, செய்னென் இளைஞர், ஜோசெய் பெண். அனிமேயில் பெரும்பகுதி மாங்காவிலிருந்து, அதாவது சித்திரக்கதையிலிருந்து வருவது. மாங்கா முதலில் வார, மாத இதழ்களில் தொடராக வரும். எந்த இதழில் வந்ததோ அந்த முத்திரை கடைசிவரை கூடவே ஒட்டிக்கொள்ளும். நம் ஊரில் ஒரு தொடர்கதையைச் சிறுவர் இதழில் வந்தது, பெண்கள் இதழில் வந்தது என்று சொல்வோமே, அந்த மாதிரி. உள்ளே பேய்க்கதையா துப்பறியும் கதையா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஒரு உதாரணம். சண்டைக்கதையான நருட்டோ வந்த அதே ஷோனென் ஜம்ப் வார இதழில்தான் டெத் நோட்டும் வந்தது. அதில் அடிதடியே கிடையாது என்று சொல்லிவிடலாம். பெயர் எழுதினால் ஆள் சாகும் ஒரு நோட்டுப் புத்தகம், அதை வைத்திருக்கும் மாணவன், அவனைத் தேடும் துப்பறிவாளன். இரண்டு பேர் உட்கார்ந்து யோசிப்பதுதான் கதை. கண்காணிப்புக் கேமரா வைத்த அறையில் அந்த மாணவன் சிப்ஸ் தின்றுகொண்டே பாடம் படிப்பதாக நடிப்பான். பாக்கெட்டுக்குள் குட்டி டிவி இருக்கும். ஒரு சிப்ஸை எடுத்து வாயில் போடுவதற்குப் போர்க்களத்து இசை. இதுவும் ஷோனென்.

மறுபக்கம் யுரு கேம்ப். மாங்கா வந்தது செய்னென் கணக்கில் வரும் இதழில். தம்பி சொன்ன ரத்தம் எங்கே? பள்ளிக்கூடப் பெண்கள் குளிர்காலத்தில் கூடாரம் போட்டு, கப் நூடுல்ஸுக்கு வெந்நீர் ஊற்றுகிறார்கள். முதல் எபிசோடில் மொத்தோசு ஏரிக்கரையில் ஒருத்தி வழி தெரியாமல் தூங்கிப்போவாள். அப்போதைய 1000 யென் நோட்டில் இருந்த ஃபுஜி மலைக் காட்சியைப் பார்க்கத்தான் அவள் சைக்கிள் மிதித்து வந்திருப்பாள். மேகம் மறைத்துவிடும். ராத்திரி மேகம் விலகி நிலா வெளிச்சத்தில் மலை தெரியும். அவ்வளவுதான் அந்த எபிசோட்.

வாசல்கோலம்

அப்படியென்றால் ஷின்சான் எதில் சேர்த்தி? சிறுவர்களா?

எட்டுப் படம்

நீங்கள் கேட்பீர்கள் என்றுதான் காத்திருந்தேன். ஷின்சான் மாங்கா 1990இல் தொடங்கியது பெரியவர்களுக்கான ஒரு வார இதழில். புருஷன் பெண்டாட்டி கேலி, தொப்பை, 32 வருஷ வீட்டுக்கடன் என்று எல்லாம் வேலைக்குப் போகிறவர்கள் சிரிப்பதற்காக எழுதியது. 1992இல் டிவிக்கு வந்த பிறகு குழந்தைகள் பிடித்துக்கொண்டார்கள். ஆக, நீங்கள் செய்னெனில் கால் வைத்துப் பல வருஷம் ஆகிறது.

வாசல்கோலம்

அடக் கடவுளே. அந்த வீட்டுக்கடன் வசனத்துக்கு நானும் என் கணவரும் மட்டும் சிரிப்போம், பிள்ளை எங்களையே பார்ப்பான். இப்போதுதான் விளங்குகிறது.

கடைசி பெஞ்ச்

தோல்வியை ஒப்புக்கொள்கிறேன் அண்ணா. ஆனால் ஃபுல்மெட்டல் பரிந்துரையைத் திரும்பப் பெற மாட்டேன். அதை வரைந்த ஹிரோமு அரகவா ஒரு பெண், ஹொக்கைடோவில் பால்பண்ணைக் குடும்பம். தன்னைப் படமாக வரையச் சொன்னால் பசுமாடாக வரைவார். பையன்கள் இதழில் ஒரு பெண் எழுதிய கதை. உங்கள் கட்சிக்கு இதுவும் ஒரு சாட்சி.

பச்சைத் தேநீர்

நானும் ஒரு சாட்சி சொல்கிறேன். சிஹயஃபுரு. ஜோசெய் இதழில் வந்தது, 2011இல் அனிமே. காதல் உண்டு, ஆனால் தொடர் முழுக்க நடப்பது கருத்தா என்ற சீட்டு விளையாட்டு. பழைய ஜப்பானியப் பாடல்கள் நூறு. ஒவ்வொன்றின் பின்பாதியும் ஒரு சீட்டில் எழுதியிருக்கும். ஒருவர் பாடலை முதலடியிலிருந்து ராகமாகப் படிப்பார். அதற்குரிய சீட்டை எதிராளிக்கு முன்னால் கையால் அடித்துத் தள்ள வேண்டும். ஆளுக்கு 25 சீட்டு.

கேட்டால் நம் அந்தாக்ஷரி போலச் சாதுவாக இருக்கிறதல்லவா? பார்த்தால் கபடி. ஏழு பாடல்களின் முதல் எழுத்து வேறெந்தப் பாடலுக்கும் இல்லை. அதனால் அந்த ஒரே அசை காதில் விழுந்ததும் கை பாய்ந்துவிடும். படிப்பவர் வாயைத் திறக்கும் முன் மூச்சை இழுக்கும் சத்தம் இருக்கிறதே, அந்த நொடியில் கூடமே அசையாமல் நிற்கும். அப்புறம் சீட்டு பறந்து போய்ச் சுவரில் அடிக்கும். எனக்கு ஜப்பானிய மொழியில் ஒரு வரி தெரியாது. இருந்தும் இரண்டாவது சீசனில் சில பாடல்களின் முதல் அசைக்கே என் கை மேஜையைத் தட்டியது.

இது விளையாட்டுக் கதையா, காதல் கதையா, இலக்கியமா? கடைக்காரர் எந்த அலமாரியில் வைத்தால் எனக்கென்ன.

பழைய கேசட்

எல்லாம் சரி, ஆனால் மேலோட்டம். எந்த வகையை எடுத்தாலும், கல்லாவில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பாருங்கள், அது ஏன் அப்படி இருக்கிறது என்பது விளங்கும்.

1963 ஜனவரி 1. ஒசாமு தெசுகாவின் ஆஸ்ட்ரோ பாய் தொலைக்காட்சியில் வருகிறது. வாரம் ஓர் அரைமணி நேர எபிசோட். அன்றைக்கு அது நடக்காத காரியம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். செலவைவிடக் குறைந்த விலைக்கு அதை விற்றார் தெசுகா. பள்ளத்தை எதை வைத்து நிரப்புவது? பொம்மை, சாக்லேட்டோடு வரும் ஸ்டிக்கர். படத்தைக் கொடுத்துவிட்டுப் பொருளில் சம்பாதிப்பது அன்றிலிருந்து இந்தத் தொழிலின் ரத்தத்தில் கலந்துவிட்டது.

1972இல் கோ நாகாயின் மாஸிங்கர் இசட். அதுவரை ரோபோ தானாக இயங்கும், அல்லது தூரத்திலிருந்து இயக்குவார்கள். இதில் பையன் உள்ளேயே ஏறி உட்கார்ந்து ஓட்டுகிறான். உலோகத்தில் வார்த்த பொம்மைகள் வந்து குவிந்தன. அப்புறம் வாராவாரம் புது ரோபோ. ஏன் ஹீரோவின் ரோபோ மூன்று வண்டிகளாகப் பிரிந்து சேர்கிறது? மூன்று பெட்டியாக விற்கலாம்.

1979இல் யோஷியுகி தொமினோ வேறு மாதிரி யோசித்தார். ரோபோ என்றால் பீரங்கி மாதிரி ஓர் ஆயுதம். பழுதாகும். எதிரணியிலும் வீட்டுக்குக் கடிதம் எழுதும் மனிதர்கள் இருப்பார்கள். அதுதான் கண்டம் (Gundam) என்ற தொடர். பொம்மை விற்கவில்லை. 52 எபிசோட் என்று திட்டமிட்டதை 43இல் முடிக்கச் சொல்லிவிட்டார்கள். மறுஒளிபரப்பில் கூட்டம் சேர்ந்தது. 1980இல் ஒட்டிச் செய்யும் பிளாஸ்டிக் மாதிரிகள் வந்தன, கடைவாசலில் வரிசை நின்றது. இன்றுவரை அந்த மாதிரிகள்தான் அதற்குச் சோறு போடுகின்றன.

அதனால் அம்மா, நீங்கள் பார்க்க வேண்டியது எவாஞ்செலியன். 1995, 26 எபிசோட். ரோபோ கதைகளின் உச்சம்.

பச்சைத் தேநீர்

ஐயா, வரலாறெல்லாம் அருமையாகச் சொல்லிவிட்டுக் கடைசியில் இப்படிக் கவிழ்த்துவிட்டீர்களே! முதல்முதலாகப் பார்ப்பவருக்கு எவாஞ்செலியனா? அப்பா கூப்பிட்டனுப்பி ரோபோவில் ஏறச் சொல்கிறார், பையன் மனம் உடைகிறான், கடைசி இரண்டு எபிசோடில் ரோபோவையே காணோம், அவன் மண்டைக்குள் போய்விடுகிறோம். நூறு ரோபோ கதை பார்த்துச் சலித்தவர்களுக்கு அது பேரிடி. ஒன்றுகூடப் பார்க்காதவருக்குத் தலைவலி. நீச்சல் தெரியாதவரைக் கிணற்றில் தள்ளுகிறீர்கள்.

பழைய கேசட்

நான் கிணற்றில் தள்ளித்தான் கற்றேன். சரி, விடுங்கள். கௌபாய் பீபாப் என்று மாற்றிக்கொள்கிறேன். 1998, 26 எபிசோட், பெரும்பாலும் தனித்தனிக் கதைகள். விண்கலத்தில் கையில் காசில்லாமல் நாலு பேர். யோகோ கன்னோவின் ஜாஸ் இசைக்காகவே பார்க்கலாம். பாட்டை ஓட்டிவிடுகிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

வாசல்கோலம்

ஒரு சந்தேகம். நேற்று அவன் பக்கத்தில் உட்கார்ந்து அரை எபிசோட் பார்த்தேன், முறைக்கவில்லை. பேசும்போது வாய் மட்டும் அசைகிறது, தலைமுடி, தோள், பின்னால் நிற்கிறவர்கள் எல்லாரும் சிலை. சில இடத்தில் ஒரே படத்தை மெல்ல மேலே நகர்த்துகிறார்கள். ஆனால் சண்டை வந்ததும் கண் கூசுகிற மாதிரி ஓடுகிறது. இது வேண்டுமென்றே செய்வதா, சோம்பலா?

எட்டுப் படம்

என் புனைபெயரையே தொட்டுவிட்டீர்கள். திரையில் ஒரு விநாடிக்கு 24 சட்டகம். ஒவ்வொன்றுக்கும் புதுப்படம் வரைந்தால் ஆளும் காசும் தாங்காது. தெசுகாவின் குழு ஒரு படத்தை மூன்று சட்டகத்துக்கு நிறுத்தியது. விநாடிக்கு எட்டே படம். பேசும்போது உடம்பை அப்படியே வைத்து வாயை மட்டும் மாற்றினார்கள்: மூடிய வாய், பாதி திறந்த வாய், முழுதாகத் திறந்த வாய். மூன்று வாயை மாற்றி மாற்றி வைத்தால் பேச்சு. ஆஸ்ட்ரோ பாய் பறக்கும் படங்களைப் பத்திரப்படுத்தி அடுத்த வாரமும் பயன்படுத்தினார்கள்.

சோம்பல் என்று சொல்ல மனம் வராது. வறுமையில் பிறந்த கைவேலை. அசையாத படத்தில் கதை சொல்லியாக வேண்டும் என்பதால் எங்கே கேமரா வைப்பது, எவ்வளவு நேரம் மௌனமாக விடுவது என்று யோசித்தார்கள். மிச்சம் பிடித்த படங்களையெல்லாம் ஒரு சண்டைக்கோ ஓர் ஓட்டத்துக்கோ கொட்டுகிறார்கள். நீங்கள் பார்த்த வேறுபாடு அதுதான். நம் வீட்டில் மாதம் முழுக்க ரசம் வைத்துவிட்டுத் தீபாவளிக்கு இறங்குவது போல. (அந்தப் படங்களை வரையும் இளைஞர்களுக்குக் கிடைக்கும் கூலி பற்றிப் பேசினால் இழை வேறெங்கோ போகும். படக்கணக்கில் கூலி, சொற்பம், அவ்வளவு சொல்லிக்கொள்கிறேன்.)

இன்றைக்குச் செலவை ஒருவர் ஏற்பதில்லை. பதிப்பகம், டிவி, இசை நிறுவனம், பொம்மை நிறுவனம் எல்லாம் சேர்ந்து தயாரிப்புக் குழு அமைத்துப் பங்கு போடும். உங்கள் பையன் எண்டிங் பாட்டு முடியட்டும் என்கிறானே, அந்தப் பாட்டு அங்கே இருக்கப் பெரும்பாலும் இசை நிறுவனத்தின் பங்குதான் காரணம். மூன்று மாதத்துக்கு 12, 13 எபிசோட் ஒரு தவணை. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபரில் புதுச் சரக்கு இறங்கும். பெரியவர்களுக்கானவை பல நள்ளிரவுக்கு மேல்தான் வரும். அங்கே டிவி அட்டவணையில் 25:30 என்று போட்டிருப்பார்கள். மறுநாள் அதிகாலை ஒன்றரை மணி என்று பொருள்.

கடைசி பெஞ்ச்

இசேகாய்க்கும் கல்லாக் கணக்கு இருக்கிறதா பழைய கேசட் ஐயா?

பழைய கேசட்

இல்லாமலா? வேறு உலகம் போகும் கதை புதிதல்ல, 1983இலேயே தொமினோ டன்பைன் என்று ரோபோவோடு சேர்த்து எடுத்தார். இப்போதைய வெள்ளம் இணையத்திலிருந்து வந்தது. யார் வேண்டுமானாலும் நாவல் எழுதிப் போடலாம் என்று 2004இல் ஒரு ஜப்பானியத் தளம் தொடங்கியது. அங்கே கூட்டம் சேர்ந்த கதையைப் பதிப்பகம் புத்தகமாக்கும், மாங்காவாக்கும், பிறகு அனிமே. கூட்டம் எதற்குச் சேரும்? அலுவலகத்தில் மிதிபட்டவன் மறுபிறவியில் ராஜாவாவதற்கு. லாரி ஒரு வசதி. முதல் பக்கத்திலேயே ஆளை அனுப்பிவிடலாம். இதில் பார்க்கத் தகுந்தது ரீ:ஸீரோ. அந்தப் பையன் அங்கே போயும் ராஜாவாகவில்லை. செத்துச் செத்துப் பிழைத்து அதே நாளில் திரும்பத் திரும்ப மாட்டிக்கொள்கிறான்.

வாசல்கோலம்

அம்மாவாக ஒரு கேள்வி. அவன் பார்ப்பதில் எது வயதுக்கு மீறியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? படத்தைப் பார்த்தால் எல்லாம் குழந்தைத்தனமாகத்தான் தெரிகிறது.

பச்சைத் தேநீர்

படத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், ஏமாந்துபோவீர்கள். மடோகா மேஜிக்கா என்று 2011இல் வந்தது. ரோஜாநிறத் தலைமுடி, மந்திரக்கோல், பேசும் வெள்ளைப் பிராணி. மூன்றாவது எபிசோட் முடிவில் நான் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். அதற்குமேல் சொன்னால் ஸ்பாய்லர். எட்டு வயதுப் பிள்ளைக்குப் போட்டுக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடாதீர்கள்.

இதில் பழைய கதை ஒன்று உண்டு. 1988 ஏப்ரல் 16, ஜிப்லி நிறுவனத்தின் இரண்டு படங்கள் ஒரே நாளில், ஒரே டிக்கெட்டுக்கு இரட்டைக் காட்சியாக வந்தன. ஒன்று மியாசாகியின் டொட்டொரோ: மரத்தடியில் வாழும் பெரிய பஞ்சுப்பொதி போன்ற பிராணி, மழையில் குடை, பூனைப் பேருந்து. மற்றது தகஹாதாவின் மின்மினிகளின் கல்லறை: போர்க்காலத்தில் குண்டுவீச்சில் தாயை இழந்து பசியில் வாடும் அண்ணனும் தங்கையும். டொட்டொரோவுக்காகப் பிள்ளைகளைக் கூட்டிப் போனவர்களை நினைத்துப் பாருங்கள்.

உங்கள் பையனோடு டொட்டொரோ பார்க்கலாம். மின்மினியை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தனியாகப் பாருங்கள். ராத்திரி வேண்டாம். மறுநாள் வங்கிக்குப் போக வேண்டுமல்லவா.

கடைசி பெஞ்ச்

தமிழ் டப்பிங்கா, ஜப்பானிய ஒலியில் ஆங்கில சப்டைட்டிலா? என் ஓட்டு ஒரிஜினலுக்குத்தான். அங்கே குரல் கொடுப்பவர்களே நட்சத்திரங்கள்.

எட்டுப் படம்

குரலுக்கு உன் பக்கம்தான் தம்பி. ஆனால் ஆங்கில சப்டைட்டிலில் ஒன்று தொலைகிறது. ஜப்பானியத்தில் பெயரோடு சான், குன், சாமா என்று ஒட்டும். யார் பெரியவர், யார் நெருக்கம் என்பது அதில்தான் இருக்கிறது. இருபது எபிசோட் சான் போட்டுக் கூப்பிட்டவள் திடீரென்று வெறும் பெயரைச் சொன்னால் அது ஒரு சம்பவம். ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே சொல். நமக்கு நீ இருக்கிறது, நீங்கள் இருக்கிறது, அண்ணா இருக்கிறது. நல்ல கை எழுதினால் தமிழ் டப்பிங்கில் அது அப்படியே வந்து உட்காரும். அவசரத்தில் செய்த டப்பிங்கில் எல்லோரும் "டேய் மச்சி" என்பார்கள், அது வேறு கதை.

வாசல்கோலம் அவர்களே, ஷின்சானைத் தெரிந்தவர் என்பதால் உங்களுக்குத் தனியாக ஒன்று. 2001இல் வந்த ஷின்சான் திரைப்படம். பெரியவர்களைப் பழைய நினைவுகளின் வாசனையால் மயக்கிக் குழந்தையாக்குகிறார்கள். அப்பா ஹிரோஷி 1970 ஒசாகா கண்காட்சியில் நிற்கும் சிறுவனாகிவிடுகிறார். மகனையே அடையாளம் தெரியவில்லை. ஷின்சான் என்ன செய்கிறான் தெரியுமா? அப்பாவின் நாற்றம் பிடித்த ஷூவை அவர் மூக்கில் வைக்கிறான். பல வருஷமாக நாம் சிரித்த அதே நாற்றம். அதை மோந்ததும் வசனமே இல்லாமல் அவர் வாழ்க்கை ஓடுகிறது: அப்பாவின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்தது, காதல் தோற்றது, நகரத்துக்கு வந்தது, வெயிலில் அலைந்து ஆர்டர் பிடித்தது, கல்யாணம், பிரசவ அறைக்கு ஓடியது, புதுவீடு. வீட்டுக்கடன் அடைக்கிறவர்கள் யாரும் அந்தக் காட்சியைச் சும்மா உட்கார்ந்து பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை.

பச்சைத் தேநீர்

அதை வழிமொழிகிறேன். தொடராக வேண்டுமென்றால் முஷிஷி. 2005, 26 எபிசோட், ஒவ்வொன்றும் தனிக்கதை. கிங்கோ என்று ஒருவர் மரப்பெட்டியை முதுகில் சுமந்து மலைக்கிராமங்களில் நடக்கிறார். முஷி என்பவை பேயும் அல்ல பிராணியும் அல்ல, உயிருக்கு அடிவேர் போன்ற ஏதோ ஒன்று. அவை மனிதரைத் தொட்டால் நோய் வரும், கிங்கோ வைத்தியம் பார்ப்பார். வில்லன் கிடையாது. ராத்திரி ஒன்றுக்கு மேல் போடாதீர்கள், ஊறுகாய் மாதிரி தொட்டுக்கொள்ள வேண்டியது.

வாசல்கோலம்

பத்து நாள் கழித்து வருகிறேன், ஆண்டுக் கணக்கு முடிக்கும் வேலை.

ஷின்சான் படம் பார்த்தோம். என் கணவர் நடுவில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். ரொம்ப நேரம் தண்ணீர் குடித்தார்.

நேற்று முஷிஷி முதல் எபிசோட். இடதுகையால் எதை வரைந்தாலும் அதற்கு உயிர் வந்துவிடும் ஒரு சிறுவன், காட்டுக்குள் தனி வீடு. எழுதிய எழுத்தே காகிதத்திலிருந்து எழுந்து பறக்கிறது. இடதுகையைப் பயன்படுத்தவே கூடாது என்று அவன் பாட்டி சொல்லி வைத்திருக்கிறாள்.

என் மகன் இடதுகைக்காரன். ஐந்தாறு வயது வரை என் மாமியார் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து அந்தக் கையைத் தட்டிவிட்டுக்கொண்டே இருப்பார். நானும் தடுத்ததில்லை. அந்தச் சிறுவன் பேனாவை இடதுகைக்கு மாற்றியபோது இவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "பாட்டி மாதிரியே இல்லம்மா?" என்றான். ஆமாம் என்றேன். பாட்டு முடியும் வரை இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

டியூஷன் முடிந்து அவன் வரும்வரை இரண்டாவது எபிசோடைத் தொடக்கூடாது என்று எனக்கு உத்தரவு.